ஐவர் அணியும் வைர வியூகமும்

கால்பந்துக் கழகங்கள் பிறந்த கதைகளைப் புரட்டினால், அவற்றுள் பல ஒரு தேவாலயத்திலோ தொழிற்சாலையிலோ பள்ளிக்கூடத்திலோ தொடங்குவதைக் காணலாம். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகமோ, ஓர் ஆட்டக்காரரை அணியில் சேர்க்காமல் விட்டதனால் பிறந்தது. 1920ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று கூச்பிகார் கோப்பைப் போட்டியில் ஜோராபகான் அணி மோகன் பகானை எதிர்த்து ஆடியது. ஜோராபகானின் தற்காப்பு ஆட்டக்காரரான சைலேஷ் போஸ் அன்று களமிறக்கப்படவில்லை. அக்கழகத்தின் துணைத்தலைவராயிருந்த சுரேஷ் சந்திர சௌதுரி அவருக்காக வாதாடிப் பார்த்தார், வாதம் எடுபடவில்லை. கழகத்தை விட்டே வெளியேறினார். ஆகஸ்ட் 1ஆம் நாள் ஈஸ்ட் பெங்கால் உருவாகிவிட்டது. "இன்றைக்கு அவரையல்லவா இறக்கியிருக்க வேண்டும்" என்று ஆட்டம் முடிந்தபின் தேநீர்க்கடைகளில் எழும் வழக்கு, சில நாள்களிலேயே ஒரு கழகமாகத் திரண்டது என்பது எண்ண எண்ணச் சுவையூட்டும் செய்தி.

அந்த வழக்கு இன்றளவும் ஓயவில்லை. யாரை இறக்குவது, எந்த அமைப்பில் இறக்குவது என்று சிவப்பும் பொன்னிறமும் அணிந்தவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாதிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவ்வாதத்தில் நமக்கும் பங்குண்டு. ஈஸ்ட் பெங்கால் பக்கம் நமக்குச் சார்பு உண்டென்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆயினும் இங்கே நாம் வாதாடப் போவது எதிரணியின் பயிற்சியாளர் ஒருவருக்காக. 1997ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று மோகன் பகானை நடத்தி, நம் கழகத்திடம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்று, அன்று முதல் நகைப்புக்கு இலக்காகிவிட்ட அமல் தத்தாதான் அவர். அந்த வெற்றியை நம்மவர்கள் கொண்டாடுவதில் குறை காண மாட்டோம். அதற்கு அவர்கள் சொல்லும் காரணத்தைத்தான் ஏற்க இயலவில்லை. அந்தக் காரணத்தின் வேரைத் தேடினால் 1949ஆம் ஆண்டுவரை செல்ல வேண்டியிருக்கிறது.

அதற்குமுன் கல்கத்தாவைப் பற்றிச் சிறிது. வங்காளத்தின் மேற்குப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்டவர்களைக் ‘கோட்டி’ என்றும், கிழக்கிலிருந்து வந்தவர்களைப் ‘பாங்கால்’ என்றும் குறிப்பது அங்கே வழக்கம். முன்னவர்க்கு 1889இல் தொடங்கப்பட்ட மோகன் பகான். பின்னவர்க்கு ஈஸ்ட் பெங்கால். 1911ஆம் ஆண்டு ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதிப்போட்டியில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்ற பெருமை மோகன் பகானுக்கு ஏற்கெனவே இருந்தது. பதினொருவரில் பதின்மர் வெறுங்காலோடு ஆடிப் பெற்ற வெற்றி அது. ஈஸ்ட் பெங்காலுக்கு அத்தகைய தொன்மம் ஏதுமில்லை. 1942இல்தான் முதன்முதலாகக் கல்கத்தா லீக்கை வென்றது. கேடயம் அதற்கடுத்த ஆண்டு கிட்டியது. பின்னர் 1947இல் நாடு பிளவுண்டது. வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்து சியால்டா நிலையத்து நடைமேடையிலும் நகரின் விளிம்பில் முளைத்த அகதிக் குடியிருப்புகளிலும் தங்கியவர்களுக்கு, விட்டுவந்த ஊரின் பெயரைத் தாங்கி வெல்லும் ஒன்றாக எஞ்சியது இக்கழகமே. ஈஸ்ட் பெங்கால் வென்றால் சந்தையில் இலிசு மீனுக்கும், மோகன் பகான் வென்றால் இறாலுக்கும் விலை ஏறும் என்று சொல்வதை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். மீனைப் பற்றிய பேச்சில் இடப்பெயர்வின் துயரம் மறைந்துவிடுகிறது. அதனால் அதைப் பெரிதுபடுத்தத் தோன்றவில்லை.

இந்தச் சூழலில்தான் ‘பஞ்ச பாண்டவர்’ வருகிறார்கள். கழகத்தின் நிர்வாகியாயிருந்த ஜோதிஷ் சந்திர குகா ஆட்டக்காரர்களைத் தேடித் தெற்கே பார்வையைச் செலுத்தியவர். முன்களத்தின் வலப்புற ஓரத்தில் வெங்கடேஷ், அவருக்கு உட்புறமாக அப்பாராவ், நடுவில் தன்ராஜ், இடப்புற உட்பகுதியில் அகமது கான், இடப்புற ஓரத்தில் சாலே. வெங்கடேஷும் தன்ராஜும் அகமது கானும் பெங்களூரிலிருந்து வந்தவர்கள், அப்பாராவ் ஆந்திரர், சாலே கேரளத்தவர். கிழக்கு வங்காளத்து அகதிகள் தங்கள் மானமாகக் கருதிய அணியின் முன்வரிசையில் வங்காளி ஒருவர்கூட இல்லை. ஊரை இழந்து வந்தவர்கள், வேற்றூரிலிருந்து வந்த ஐவரைத் தம்மவராக்கிக்கொண்டு அவர்களுக்குப் பாரதத்துப் பெயரையும் சூட்டினார்கள். தொலைவிலுள்ள ஒரு கழகத்தின்மேல் நமக்குப் பற்று விழுந்ததற்கு இந்தச் செய்தியே முதற்காரணம்.

1949 முதல் 1953 வரையிலான ஐந்து பருவங்கள் அவர்களுடையவை. 1949இல் லீக், கேடயம், பம்பாயின் ரோவர்ஸ் கோப்பை மூன்றும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. 1950, 1951 ஆண்டுகளிலும் கேடயம் அவர்களிடமே தங்கியது. தில்லியின் டூரண்ட் கோப்பை 1951இலும் 1952இலும் கிடைத்தது. வெற்றிகளின் பட்டியலைவிட அவர்கள் ஆடிய அமைப்பே நமக்கு முக்கியமானது. பின்னால் இருவர், இடையில் மூவர், முன்னால் ஐவர் என்ற பழைய அமைப்பு அது. இங்கிலாந்தில் அது எப்போதோ பழையதாகிவிட்டிருந்தது. 1925ஆம் ஆண்டு ஆஃப்சைடு விதி திருத்தப்பட்டது. பந்தைப் பெறும் முன்கள ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்கவேண்டும் என்பது இருவர் இருந்தால் போதும் என்றாயிற்று. கோல்கள் குவியத் தொடங்கவே, இடைவரிசையின் நடுவில் ஆடியவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாவது தற்காப்பாளராக நிறுத்தினார்கள். கல்கத்தாவிலோ அதன் பின்னரும் கால் நூற்றாண்டு காலம் பெரும்பாலும் இருவரை மட்டுமே நம்பிக் காலம் தள்ளினார்கள்.

இதில் அறியாமை மட்டுமே இருந்ததாகச் சொல்லிவிட முடியாது. மழைக்காலச் சேற்றுத் தரையில், வெறுங்கால்களுக்கிடையே, குறுகிய தட்டல்களால் பந்தை நகர்த்தும் ஆட்டத்திற்கு ஐவர் அடுத்தடுத்து நிற்பது பொருந்தியது. ஓரத்திலிருப்பவர் எல்லைக்கோட்டை ஒட்டி ஓடுவார்; உட்புறத்தவர் இருவரும் பின்னே இறங்கிவந்து பந்தை வாங்கிப் போவார்கள்; நடுவிலிருப்பவர் காத்திருப்பார். அகமது கான் பந்தை வைத்துக்கொண்டு எதிராளியை ஏய்க்கும் விதத்தைக் கண்டு 1948 லண்டன் ஒலிம்பிக்கின்போது அவரைப் ‘பாம்பாட்டி’ என்று அழைத்தார்களாம். அந்த ஒலிம்பிக்கில் பிரான்சிடம் இந்தியா இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் தோற்றது. தனக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளையும் வீணாக்கித் தோற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்து ஹெல்சிங்கியில் முகத்தில் அறைந்தாற்போல ஒரு தோல்வி. 1952 ஜூலையில் யூகோஸ்லாவியா இந்தியாவைப் பத்துக்கு ஒன்று என்று வென்றது. அந்த ஒன்றை அடித்தவர் அகமது கான். அதற்குப் பின்னரே இந்தியாவில் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் ஹங்கேரி, இங்கிலாந்தை அதன் வெம்பிளி திடலிலேயே ஆறுக்கு மூன்று என்று வீழ்த்தி, மூன்றாவது தற்காப்பாளர் என்ற ஏற்பாட்டையே கேள்விக்குறியாக்கியது. உலகம் இரண்டு படிகளைத் தாண்டிவிட்ட நிலையில் நம் ஐவர் முதற்படியில் நின்று உச்சத்தைத் தொட்டிருந்தார்கள். யாப்பு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் பழைய யாப்பிலேயே பாடப்பட்ட கடைசிப் பெருங்காப்பியத்தோடு அவர்களை ஒப்பிடத் தோன்றுகிறது. காப்பியத்தின் அருமை அதனால் குறைந்துவிடாது. ஆனால் அதன்பின் பிறந்த ஒவ்வொரு கவிஞனையும் அந்த யாப்பைக்கொண்டே அளந்தால் என்ன ஆகும்?

ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் அளந்தார்கள். ஐவர் என்பது ஓர் அமைப்பு என்பதை மறந்து, ஐந்து பெயர்கள் என்றே நினைவில் கொண்டார்கள். ‘ஆள் இருந்தால் அமைப்பு எதற்கு’ என்னும் மனநிலை அப்போது வேர்விட்டது என்பது நம் கணிப்பு.

இந்தியக் கால்பந்தின் யாப்பை மாற்றியவர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராயிருந்தவர். அவர் பயிற்றுவித்த அணிதான் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது; 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென் கொரியாவை வென்று தங்கம் பெற்றது. நான்கு–இரண்டு–நான்கு என்ற அமைப்பை இந்திய அணியில் நிலைப்படுத்தியவர் அவரே. அவருடைய முன்களத்தில் ஆடிய துளசிதாஸ் பலராம் 1957 முதல் 1962 வரை ஈஸ்ட் பெங்காலின் ஆட்டக்காரர். செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் பிறந்தவர். 1961இல் தலைமையேற்று லீக்கை வென்று தந்தார். நோயின் காரணமாக இருபத்தேழாம் வயதை எட்டுவதற்குள் ஆட்டத்தை விட்டார். 2023 பிப்ரவரியில் மறைந்தபோது அவரைப் பற்றித் தமிழில் வந்த குறிப்புகள் மிகக் குறைவு. இடப்புற ஓரத்திலிருந்து உள்ளே நுழைந்து, தேவைப்பட்டால் நடுக்களம்வரை இறங்கி, தானே கோலும் அடித்தவர். ஐவரைப் பாடிய அதே வாய்கள் பலராமையும் பாடின. ஆயினும் அவர் ஆடியது வேறொரு இலக்கணத்தில் என்பதைச் சொன்னவர்கள் அரிது. நம்மைக் கேட்டால், அவர் ஐவருக்கும் ஒரு படி மேல்.

ரஹீமின் மற்றொரு மாணாக்கர் பிரதீப் குமார் பானர்ஜி, எல்லோருக்கும் பி.கே. கல்கத்தாவின் இருபெரும் கழகங்களில் எதற்கும் ஆடாமல் ஈஸ்டர்ன் ரயில்வே அணியிலேயே ஆடிப் புகழ்பெற்றவர் அவர். 1958இல் அந்த ரயில்வே அணி கல்கத்தா லீக்கையே வென்றது. 1972இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் பயிற்சியாளராக வந்தார். 1970 முதல் 1975 வரை தொடர்ந்து ஆறு லீக் பட்டங்களை நம் கழகம் வென்ற காலத்தில் பின்பகுதி முழுவதும் அவருடைய பொறுப்பில் இருந்தது. 1975 செப்டம்பர் 30 அன்று கேடயத்தின் இறுதிப்போட்டியில் மோகன் பகானை ஐந்துக்குச் சுழியம் என்று வென்ற நாளை இன்றும் தேதியோடு சொல்வார்கள். சுரஜித் சென்குப்தா, ஷ்யாம் தாப்பா இருமுறை, ரஞ்சித் முகர்ஜி, சுபங்கர் சன்யால் என்று கோலடித்தவர்களின் வரிசையும் மனப்பாடம். அன்றிரவு மோகன் பகான் ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஐந்து ஆண்டுகளுக்குப்பின், 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவ்விரு அணிகளும் மோதியபோது மூண்ட கலவரத்தில் பதினாறு பேர் இறந்தனர். கால்பந்து பற்றிய விவாதம் அந்நகரில் வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்காகவே இவற்றைக் குறிப்பிடுகிறோம்.

பி.கே. ஆட்டத்திற்குமுன் உடைமாற்றும் அறையில் ஆற்றும் உரைக்கு ‘வோகல் டானிக்’ என்று பெயர். உணர்ச்சியைக் கிளறிவிடும் பேச்சு. பிரிவினையையும் அகதி வாழ்வையும் வீட்டில் கேட்டு வளர்ந்த இளைஞர்களிடம் அது எவ்வாறு வேலை செய்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அந்த மருந்தின் புகழ் அவரையே மறைத்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. ரஹீமிடம் பயின்றவர், உலகக் கால்பந்தைக் கூர்ந்து நோக்கியவர், வெறும் பேச்சால் வென்றவராகச் சுருக்கப்பட்டார்.

அவருக்கு நேர் எதிரான இயல்பினர் அமல் தத்தா. தொடக்கத்தில் ஈஸ்ட் பெங்கால் சட்டை அணிந்து ஆடியவர். 1954 மணிலா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கும் ஆடினார். இங்கிலாந்துக்குச் சென்று பயிற்சியாளருக்கான படிப்பை முடித்துத் திரும்பி, பயிற்சியையே முழுநேரத் தொழிலாகக் கொண்டவர். இந்தியாவில் அப்படிச் செய்தவர்களுள் முன்னோடி. வெளிநாட்டு ஆட்டங்களின் படச்சுருள்களையும் திரையிடும் கருவியையும் சுமந்துகொண்டு வங்காளத்துச் சிற்றூர்களில் காட்டித் திரிந்தவர் என்பார்கள். நம் கழகத்திற்கும் பயிற்சியளித்திருக்கிறார். நாவில் காரம் அதிகம். அந்தக் காரம்தான் அவருக்கு வினையாகவும் முடிந்தது.

1997இல் மோகன் பகானுக்கு வந்த அமல் தத்தா ‘வைர அமைப்பு’ என்ற ஒன்றை அறிமுகப்படுத்தினார். பின்னால் மூவர் மட்டும்; அவர்களுக்கு முன் இருவர்; அவர்களுக்கும் முன் மூவர்; நுனியில் இருவர். தாளில் வரைந்து புள்ளிகளை இணைத்துப் பார்த்தால் வைரத்தின் முகங்களைப்போல் சாய்சதுரங்கள் தோன்றும். பந்தை வைத்திருப்பவருக்கு எத்திசையிலும் தட்டிக்கொடுக்க ஒருவர் கிடைப்பார் என்பதே இதன் சாரம். பந்து எதிரணியிடம் போய்விட்டால் பின்னாலுள்ள மூவரும் முன்னேறி வந்து களத்தைச் சுருக்க வேண்டும். சுருங்கிய களத்தில் ஆள்பலம் நம் பக்கம் இருக்கும். பெடரேஷன் கோப்பையின் முந்தைய சுற்றுகளில் மோகன் பகான் கோல்களைக் குவித்துக்கொண்டு வந்தது. நகரெங்கும் இதே பேச்சு. கால்பந்து பார்க்காதவர்களும் தேநீர்க்கடையில் வைரம் வரைந்து காட்டினார்கள் என்று படித்திருக்கிறோம். ஓர் ஆட்ட அமைப்பு ஒரு பெருநகரின் பொதுப்பேச்சாக மாறியது இந்தியக் கால்பந்து வரலாற்றில் அபூர்வம்; அமல் தத்தாவின் கணக்கில் இதைக் கட்டாயம் வரவு வைக்க வேண்டும்.

அரையிறுதியில் எதிரே ஈஸ்ட் பெங்கால், பயிற்சியாளர் பி.கே. அமல் தத்தா சும்மா இருக்கவில்லை. கென்யாவின் சாமி ஓமோலோவை ‘ஆம்லெட்’ என்றார். சோஸோவை வங்க மொழியில் வெள்ளரிக்காயைக் குறிக்கும் ‘ஷோஷா’ என்றார். பாய்ச்சுங் பூட்டியாவை ‘சுங்சுங்’ என்றார். செய்தித்தாள்கள் இவற்றை மகிழ்ச்சியோடு அச்சிட்டன. நெடுமொழி கூறல் என்று நம் புறத்திணை இலக்கணம் சொல்வது தன் பெருமையைத் தானே உரைப்பதை. மாற்றாரை இழித்துரைப்பது அதில் அடங்காது. கேலி வேறு, வஞ்சினம் வேறு.

சால்ட் லேக் திடலில் அன்று கூடியவர்கள் 1,31,781 பேர். இந்தியாவில் ஒரு விளையாட்டுப் போட்டிக்குத் திரண்ட பெருங்கூட்டங்களுள் ஒன்றாக இன்றும் இந்த எண் பேசப்படுகிறது. 2017ஆம் ஆண்டு பதினேழு வயதிற்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகத் தனித்தனி இருக்கைகள் அமைக்கப்பட்டுக் கொள்ளளவு வெகுவாகக் குறைந்துவிட்டதால், அத்திடலில் அவ்வெண்ணிக்கை இனிமேல் எட்டப்படப்போவதில்லை. முதல் கோலை நஜிமுல் ஹக் அடித்தார். மோகன் பகானுக்கு நைஜீரியரான சீமா ஒகோரி ஒன்று அடித்தார். ஈஸ்ட் பெங்காலின் மற்ற மூன்றும் பூட்டியாவினுடையவை. அப்போது அவருக்கு வயது இருபது.

அன்று முதல் நம்மவர்கள் சொல்லிவருவது இதுதான்: கரும்பலகையைக் கணீர்க்குரல் வென்றது, வைரம் கண்ணாடிக் கல்லாயிற்று, பி.கே.யின் டானிக்கும் பாய்ச்சுங்கின் ரோஷமும் சேர்ந்து அமல் தத்தாவின் வாயை அடைத்தன. கேட்பதற்கு இனிமையான கதை. ஐவர் காலத்திலிருந்தே ‘ஆள் இருந்தால் போதும்’ என்று நம்பி வந்தவர்களுக்கு இதைவிட இனிய சான்று வேறு கிடைத்திருக்காது.

அமைப்பை எடுத்துவைத்துப் பார்ப்போம். மூவர் மட்டுமே பின்னால் நின்று, அவர்களும் முன்னேறி வந்து களத்தைச் சுருக்கும்போது, அவர்களுக்கும் கோல் காப்பாளருக்கும் இடையே பெரியதொரு வெளி திறக்கிறது. ஓரங்களிலும் அப்படியே, பக்கவாட்டுத் தற்காப்பாளர் என்று தனியே எவருமில்லை. இந்த அமைப்பு வெல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு: எதிரணி நீண்ட பந்தை நிதானமாகக் குறிபார்த்து அனுப்ப அவகாசம் பெறக்கூடாது. மற்ற அணிகள் தடுமாறித் தடுமாறிப் பந்தை இழந்தன. ஈஸ்ட் பெங்காலில் இருந்தவரோ, தற்காப்பாளரின் தோளை உரசிக்கொண்டு நின்று, பந்து புறப்படும் கணத்தில் பின்வெளிக்குப் பாய்வதையே கலையாகக் கொண்டிருந்த பூட்டியா. அதற்குமுந்தைய பருவத்தில் பஞ்சாபின் ஜே.சி.டி. அணி முதலாவது தேசிய லீக்கை வென்றபோது அதிகக் கோல்கள் அடித்தவர் அவரே. அப்படிப்பட்டவருக்கு எதிராக அத்தனை வெளியைத் திறந்துவைத்தது அமல் தத்தாவின் பிழை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த வெளியைக் கண்டு, ஆட்களைப் பின்னே நிறுத்திக் காத்திருந்து, பந்து கிடைத்ததும் அங்கே அனுப்பச் செய்ததும் ஓர் அமைப்புத்தானே? பி.கே. அன்று வென்றது அமைப்பைக்கொண்டு. டானிக்கைக் காரணமாக்குகிறவர்கள் தம்மையறியாமல் அவரைத் தாழ்த்துகிறார்கள்.

புறப்பொருள் வெண்பாமாலை கோட்டையை முற்றுவதை உழிஞை என்றும், உள்ளிருந்து காப்பதை நொச்சி என்றும், பகைவர் ஆநிரையைக் கவர்ந்து வருவதை வெட்சி என்றும் பிரித்துக் கூறும். மோகன் பகான் அன்று உழிஞை சூடி வந்தது. நொச்சி சூடி உள்ளிருந்த ஈஸ்ட் பெங்கால், முற்றுகையிட்டவர்கள் முன்னே வந்துவிட்ட நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக வெட்சிக்குப் புறப்பட்டது. வகுப்பில் திணை விளக்கும்போது இந்த எடுத்துக்காட்டைக் கூறினால் கடைசி வரிசை மாணவர்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இனி நம்மவர்கள் சொல்லாமல் விட்ட இரண்டு செய்திகள். ஒன்று, அது அரையிறுதி மட்டுமே. இறுதிப்போட்டியில் கோவாவின் சால்கோகர் அணி ஈஸ்ட் பெங்காலை இரண்டுக்கு ஒன்று என்று வென்று கோப்பையைக் கொண்டுபோயிற்று. உணர்ச்சியே வென்று தரும் என்றால், லட்சத்துக்கு மேற்பட்டோர் முன்னிலையில் அவ்வளவு பெரிய வெற்றியைப் பெற்ற அணி இறுதிப்போட்டியில் தோற்றது எதனால்? மற்றொன்று, அதே 1997–98 பருவத்தில் தேசிய லீக்கை மோகன் பகான் வென்றது. ஆனால் அப்போது பயிற்சியாளராக இருந்தவர் கேரளத்தின் டி.கே. சாத்துண்ணி, அமல் தத்தா அல்லர். அந்த ஒரு மாலைப்பொழுது வைரத்தை மட்டுமன்றி அதை வரைந்தவரையும் சேர்த்துப் புதைத்துவிட்டது. ஒரு தோல்விக்குப்பின் திருத்தி மறுபடியும் ஆடிப் பார்க்கும் வாய்ப்பு அவ்வமைப்புக்குக் கிட்டவேயில்லை. பின்னால் நிற்கும் மூவருள் ஒருவரைச் சற்றே ஆழத்தில் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் தாளில் வரைந்து பார்த்ததுண்டு. கல்கத்தாவில் ஒருவரும் களத்தில் வரைந்து பார்க்கவில்லை. முன்னேறி நின்று களத்தைச் சுருக்குவதும், பின்னால் மூவரை வைத்து ஓரங்களை நீட்டுவதும் இன்று உலகெங்கும் வாடிக்கை. ஐரோப்பிய அணிகள் அப்படி ஆடும்போது நள்ளிரவில் விழித்திருந்து வியக்கிற அதே கல்கத்தா ரசிகர், ‘டைமண்ட்’ என்றதும் சிரிக்கிறார்.

ஆறு ஆண்டுகளுக்குப்பின் நம் கழகம் பெற்ற மிகப் பெரிய வெற்றியை நினைத்துப் பார்க்கவேண்டும். 2003 ஜூலையில் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகங்களுக்கான போட்டி. பயிற்சியாளர் சுபாஷ் பௌமிக். எழுபதுகளில் பி.கே.யிடம் ஆடியவர். அவர் ரசிகர்களின் ஆரவாரத்திலிருந்து ஆட்டக்காரர்களைப் பிரித்தெடுத்து, நட்சத்திர விடுதியில் தங்கவைத்து, உணவு, உறக்கம், உடற்பயிற்சி என எல்லாவற்றையும் வரையறுத்துத் தயார்செய்தார். அன்றைய இந்தியக் கழகங்களில் கேள்விப்படாத ஏற்பாடு. ஆடம்பரம் என்று அப்போது முணுமுணுத்தவர்களும் உண்டு. முதல் ஆட்டத்தில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ சாசனாவிடம் தோல்வி. அதே அணியை இறுதிப்போட்டியில் மூன்றுக்கு ஒன்று என்று வென்றார்கள். மைக் ஒகோரோ, பூட்டியா, அல்விட்டோ டி குன்ஹா ஆளுக்கொன்று அடித்தார்கள். தோற்ற ஆட்டத்தைப் படித்துத் திருத்திக்கொண்டு, இரண்டு வார இடைவெளிக்குள் அதே எதிரியை வீழ்த்தியது அந்த அணி. அமல் தத்தாவுக்குக் கிடைக்காத இரண்டாவது வாய்ப்பு பௌமிக்குக்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். நம் கழகத்தின் வரலாற்றில் ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் திரும்பப் பார்க்கலாம் என்று யாரேனும் நிபந்தனை விதித்தால், நாம் 1975ஐயோ 1997ஐயோ கேட்கமாட்டோம், இதைத்தான் கேட்போம்.

அதற்குப் பின்னர் நெடிய வறட்சி. 2020இல் இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்த பிறகும் பல பருவங்கள் அட்டவணையின் கீழ்ப்பகுதியிலேயே கழிந்தன. 2024 ஜனவரியில் புவனேசுவரத்தில் ஒடிசா அணியைக் கூடுதல் நேரத்தில் மூன்றுக்கு இரண்டு என்று வென்று சூப்பர் கோப்பையைப் பெற்றபோது, தேசிய அளவில் ஒரு கோப்பை வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வெற்றி கோலை அடித்தவர் பிரேசிலின் க்ளெய்டன் சில்வா. பயிற்சியாளர் கார்லெஸ் குவாட்ராட் என்ற ஸ்பானியர். கொண்டாடி முடித்த சில மாதங்களில் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டங்களில் வரிசையாகத் தோற்றதும், ‘கூட்ராட் வெளியேறு’ என்ற குரல் எழுந்தது. செப்டம்பரில் அவர் விலகினார். திருத்திக்கொள்ள அவருக்கும் அதிக நாள் தரப்படவில்லை.

ஓரத்தில் ஓடி மேலே தூக்கியடிக்க ஆளில்லை, கோல் காப்பாளரிடமிருந்தே தட்டித் தட்டிக் கொண்டுவருகிறார்கள், முன்னே ஒருவரை மட்டும் நிறுத்துகிறார்கள் என்பவை நம்மவர்கள் அடிக்கடி கூறும் குறைகள். அவற்றைக் கேட்கும்போது வெங்கடேஷும் சாலேயும் இன்னும் எல்லைக்கோட்டருகே நின்றுகொண்டிருப்பதுபோலத் தோன்றும். ஐவரும் இன்று வந்தால், அகமது கானை நடுக்களத்தின் நுனியில் வைத்து, தன்ராஜை ஒற்றை முன்களத்தவராக்கி, அப்பாராவை இன்னும் பின்னே இழுத்து, ஓரத்தவர் இருவரையும் தற்காப்புக்கும் ஓடச் சொல்லியிருப்பார்கள். அவர்கள் அதற்கு இணங்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறோம். பெங்களூரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் கல்கத்தாவுக்கு வந்து, தெரியாத மொழி பேசும் கூட்டத்தின் முன்னால் சேற்றில் ஆடிப் பழகியவர்களுக்கு, புதிய இடத்தில் நின்று ஆடுவது பெரிய காரியமன்று.

அமல் தத்தா 2016 ஜூலை 10 அன்று காலமானார். மறுநாள் வந்த இரங்கல் குறிப்புகளில் பல, வைரத்தை முதற்பத்தியிலும் அதன் தோல்வியை இரண்டாம் பத்தியிலும் வைத்திருந்தன. படச்சுருள்களைச் சுமந்து சிற்றூர்களுக்குப் போன கதை, இடம் கிடைத்த இதழ்களில் மட்டும், கடைசியில் வந்தது.